பனிக்கட்டி கடத்தியவர்

ஓசூர்ப் பக்கம் சர்க்கார் வைத்திருந்த நோட்டுகளில் இரண்டில் ஜெபதுரையின் பெயர் இருந்தது. ஒன்று கால்நடை இலாகாவின் சர்வீஸ் புத்தகம். மற்றது எல்லையோரப் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றின் கே.டி. நோட்டு. முதலாவதை எழுதியவர்கள் இந்த மனிதருக்கு மாலை போட வேண்டும் என்றார்கள். இரண்டாவதை எழுதியவர்கள் இவர்மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மெச்சியதும் இவர்கள் சந்தேகித்ததும் ஒரே காரியத்தைத்தான்.

இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்க்காமல் இரண்டு வருஷத்துக்கு மேல் நிம்மதியாக இருந்தன. 1955 நவம்பரில் வந்த ஒரு காகிதம் அவற்றைச் சந்திக்க வைத்தது. கால்நடை உதவியாளர் ஜெபதுரையைப் பத்மஸ்ரீ விருதுக்குச் சிபாரிசு செய்திருக்கிறது, அவருடைய நடத்தையைப் பற்றி ஏழு நாளைக்குள் தெரிவிக்கவும் என்று அதில் கண்டிருந்தது. மேலே ‘ரகசியம்’ என்று சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தபடியால் அது போன வழியெல்லாம் எல்லோரும் படித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஓசூர் பஜாரில் தெரியாதவர் யாரும் இல்லை, ஜெபதுரையைத் தவிர. அவர் அன்றைக்கு ஜூஜுவாடியில் ஓர் எருமையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தார்.

பத்மஸ்ரீ அப்போது புதுசு. பிறந்து இரண்டு வயது நிரம்பவில்லை. நாட்டுக்கு நல்லது செய்தவர்களுக்குக் குடியரசுத் தலைவரே டில்லியில் பதக்கம் கொடுக்கிறார் என்பது வரைக்கும் பஜாருக்குத் தெரியும். முதல் இரண்டு பட்டியலிலும் பெரிய டாக்டர்கள், பெரிய படிப்பாளிகள் பேரெல்லாம் இருந்ததாகச் சொன்னார்கள். மாட்டுக்கு ஊசி போடுகிறவர் பேர் இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அதனால் ஊருக்கு வந்த பூரிப்புக்கு அளவில்லை. தெலுங்குக்காரர்கள் அவர் தெலுங்கு பேசுவதால் தங்கள் ஆள் என்றார்கள். கன்னடக்காரர்கள் அதே காரணத்தைத் தங்கள் பக்கம் வைத்துச் சொன்னார்கள். ஜவுளிக்கடைக்காரர் கோட்டுத் துணியைத் தாமே வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாராளிடம் விரித்துக் காட்டினார். சாராள் ஜெபதுரையின் மனைவி. விஷயம் அவருக்கே அந்தத் துணியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

டில்லியில் கை கொடுப்பதா, கும்பிடுவதா என்று மறுநாள் பஜாரில் பெரிய வாதம் நடந்தது. கம்பவுண்டர் கையைப் பினாயில் போட்டுக் கழுவிவிட்டுப் போனால் எது செய்தாலும் சரி என்று சவரக்கடையில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

ஜெபதுரையை எல்லோரும் மாட்டுக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிருஷ்ணகிரிக்காரர். மனுஷ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகத்தான் ஆசைப்பட்டுப் போனார். முதல் நாளே ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்ததில், வந்த நோயாளி எழுந்து இவருக்குக் கட்டிலை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மாட்டு ரத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆகவே கால்நடை இலாகா. காளைகளிடம் கன்னடத்திலும் எருமைகளிடம் தெலுங்கிலும் பேசுவார். ஏன் என்று கேட்டால், அதுகளுக்கு அதுதான் பழக்கம் என்பார். நாற்பத்து நாலு வயசு, ஒட்டிய உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேட்டியும் வேதப் புத்தகமும். கள், சாராயம் எதையும் வாழ்நாளில் தொட்டதில்லை. சாராளின் அண்ணன் மகள் கல்யாணத்தில் யாரோ சோடாவில் எதையோ கலந்து கொடுத்தார்கள் என்று அந்தக் குடும்பத்தோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்.

கே.டி. நோட்டு அவரைச் சாராயக் கடத்தல்காரர் என்றது.

இதற்கு 1953-இல் அஞ்செட்டிப் பக்கம் வந்த வெக்கை நோயில் ஆரம்பிக்க வேண்டும். வெக்கை கண்ட மாடு வாயில் புண் வந்து, தீவனம் விட்டு, கழிந்து கழிந்தே ஒரு வாரத்தில் செத்துப்போகும். ஒரு மாட்டுக்கு வந்தால் பட்டிக்கே வரும். ராணிப்பேட்டையிலிருந்து தடுப்பூசி மருந்து வந்தது. போடப் போனது ஜெபதுரை. பாதி தூரத்துக்குமேல் பஸ் இல்லாத மலைக்காட்டில் பதினேழு ஊர், ஒன்பதாயிரத்துச் சொச்சம் மாடு.

முதல் ஊரிலேயே வழியை மறித்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாட்டுக்குக் கொள்ளை நோய் வந்தால் ஊரைக் கட்டிவிடுவார்கள். ஊர் வாசலில் இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே வேப்பிலைக் கயிறு கட்டி, நடுவில் மந்திரித்த நீர்ப்பானையைத் தொங்கவிடுவார்கள். மூன்று நாள் யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகக்கூடாது. மூன்றாம் நாள் எல்லா மாட்டையும் ஒவ்வொன்றாக அந்தக் கயிற்றுக்கு அடியில் ஓட்டி, பானைத் தண்ணீரைத் தெளித்து அனுப்புவார்கள். அம்மா இறங்கிப் போய்விடுவாள்.

ஊர்ப் பெரியதனம் சென்னப்பன் கயிற்றுக்கு உள்ளே நின்றுகொண்டு, ஊசி போட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்றார். ஜெபதுரை கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்தார். மருந்தை மூன்றாம் நாள் காலையில் வந்து சேரும்படி சொல்லிவிட்டு மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மாடுகளை ஓட்ட ஆரம்பித்ததும் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த மலைமாடுகளைப் பிடித்துக் கட்டி ஊசி போட ஒரு மாட்டுக்கு நாலு ஆள் வேண்டும். கயிற்றுக்கு அடியிலோ அவை ஒவ்வொன்றாக, தலையைக் குனிந்துகொண்டு, சாதுவாக வந்துகொண்டிருந்தன. மாட்டை அசையாமல் நிறுத்த இதைவிட நல்ல கிட்டியை எந்த இலாகாவும் செய்து கொடுக்காது. உள்ளே நான் வரவில்லை, அம்மா தண்ணீர் தெளித்து வெளியே அனுப்பிய மாட்டுக்குத்தானே போடுகிறேன் என்று அவர் சென்னப்பனிடம் கேட்டார். சென்னப்பன் வெகு நேரம் யோசித்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நடப்பது அம்மாவின் அதிகாரத்தில் வராது என்று ஒப்புக்கொண்டார். அதற்கப்புறம் மற்றப் பதினாறு ஊரிலும் அதே கயிறு, அதே ஊசி. ஊசி போட்ட மாட்டுக்கு அடையாளமாக இடது காதில் ஒரு சின்ன வெட்டு. வேப்பிலைக்குக் கீழே நின்று வேலை பார்த்ததற்காகச் சபையில் பாதிரி ஐயரிடம் அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது வேறு கதை.

மருந்துக்கு ஒரு குணம். குளிர்ச்சி குறைந்தால் செத்துவிடும். அப்புறம் அது வெறும் தண்ணீர், போட்டும் பிரயோசனமில்லை. அந்தக் காலத்தில் ஓசூரில் பனிக்கட்டி ஏது? பெங்களூர் ஐஸ் பாக்டரிக்குத்தான் போக வேண்டும். விடிகாலையில் வாங்கி, மரத்தூள் அடைத்த பெட்டியில் வைத்து, ஈரச் சாக்கைச் சுற்றி, பஸ்ஸில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து கட்டை வண்டியில் மலை. எங்கும் நிற்காமல் போனால் பாதிக் கட்டி மிஞ்சும்.

நிற்காமல் போகவிடுவார்களா? நம் பக்கம் மதுவிலக்கு. பெங்களூரில் தாராளம். எல்லையில் மதுவிலக்குச் சாவடி. முதல் தடவை பஸ்ஸைச் சோதித்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார்கள். இத்தனை பெரிய பனிக்கட்டி ஒரு மனுஷனுக்கு எதற்கு? பனிக்கட்டி எதில் போடுவது? கிளாசில். கிளாசில் வேறு என்ன இருக்கும்? இந்தத் தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. மாட்டுக்கு என்று ஜெபதுரை சொன்னதும் சந்தேகம் உறுதியாயிற்று. மாடு எங்காவது ஐஸ் சாப்பிடுமா? மேலதிகாரி வரட்டும் என்று பெட்டியைப் பெஞ்சின்மேல் வைத்தார்கள். மேலதிகாரி சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தபோது பெஞ்சுக்கு அடியில் ஒரு குட்டை இருந்தது. பெட்டியில் ஈர மரத்தூள் இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை, போகலாம் என்றார்.

தேன்கனிக்கோட்டையில் காத்திருந்த மருந்து அன்று பிற்பகலே கெட்டுப்போனது. மலைமேல் ஒரு சின்ன ஊர் அந்த மருந்துக்காகக் காத்திருந்தது. புது மருந்து வந்து சேர்வதற்குள் அந்த ஊரில் நாற்பது மாடு செத்தது.

அதற்குப் பிறகு ஜெபதுரை சாவடி வழியாக வரவில்லை. அத்திப்பள்ளிக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்குவார். தெரிந்த ராகிக் காட்டுக்காரர் ஒருவரிடம் சைக்கிள் வைத்திருந்தார். பெட்டியைக் கேரியரில் கட்டி, வரப்பு வழியாகவும் ஏரிக்கரை வழியாகவும் சுற்றி, சாவடியைத் தாண்டி ரோட்டில் ஏறி, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். எட்டுத் தடவை இப்படி.

அதில் நாலாவது தடவை ஏட்டு மதுரைவீரன் பார்த்துவிட்டார். மேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாசந்தான் ஆகியிருந்தது, கன்னடம் தெரியாது. விடிகிற வேளையில் ஒருவன் ஈரச் சாக்குப் பெட்டியோடு சாவடியைச் சுற்றிப் போகிறான். நில் என்றார். நின்றால் உருகிவிடுமே என்று ஜெபதுரை இன்னும் வேகமாக மிதித்தார். ஓடுகிறவன் குற்றவாளி என்பது போலீசில் பாலபாடம். ஏட்டு வரப்பில் சொட்டியிருந்ததைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். ராகிக் காட்டுக்காரரிடம் சைக்கிள்காரரின் பேரையும் வீட்டையும் கேட்டுக்கொண்டார். மற்றபடி அவர் கன்னடத்தில் சொன்ன விளக்கமெல்லாம் வீண். ஸ்டேஷனுக்கு வந்து நோட்டில் எழுதினார்: ‘ஜெபதுரை, ஓசூர். சாவடிக்குத் தப்பிச் சரக்குக் கொண்டு போகிறார். வாசனையே இல்லாத புது ரகச் சாராயம் என்று சந்தேகம்.’ இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு மேலிடத்திலிருந்து நற்குறிப்பும் கிடைத்தது.

கே.டி. நோட்டில் பேர் ஏறினால் மாசம் ஒரு தடவை ஒருவர் வீட்டுக்குப் போய் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். ஏட்டே போவார். கம்பவுண்டர் இருக்கிறாரா என்று விசாரிப்பார். இருக்கிறார் என்றால் தலையாட்டிவிட்டுக் கிளம்புவார். யூனிபாரம் போட்டுக்கொண்டு மாசாமாசம் க்ஷேமம் விசாரிக்க வருகிற மனுஷர் என்று சாராளுக்கு ஏகப் பெருமை. வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று மோர் கொடுப்பார். கொத்தமல்லி கிள்ளிப் போட்ட மோர். போலீசிலும் கர்த்தருக்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சபைப் பெண்களிடம் சாட்சியாகவே சொல்லியிருக்கிறார்.

இப்போது விருதுக் காகிதம் அதே ஏட்டின் மேஜைக்கு வந்தது. ஒரு கையில் அது, இன்னொரு கையில் நோட்டு. மூன்றாம் நாள் காலை அவர் ஜெபதுரை வீட்டுக்கு வந்தபோது கோட்டு தைத்து வந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாராள் வழக்கம்போல் மோரை நீட்டினார். ஏட்டு வாங்கவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பிறகு கேட்டார்.

“அய்யா, நடந்தது நடந்துபோச்சு. அந்தப் பொட்டியில என்ன சரக்கு கொண்டாந்தீக?”

“ஐஸுங்க.”

“அது சரி. ஐஸோட என்ன?”

“ஐஸோட ஐஸுதானுங்க. மாட்டு மருந்துக்கு.”

ஏட்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாசனை வராதபோதே யோசித்திருக்க வேண்டும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சாராளுக்கு வேறொன்று அப்போதுதான் உறைத்தது.

“ஏன் ஏட்டய்யா, ரெண்டு வருசமா மாசாமாசம் வந்தீங்களே. அது நாங்க நல்லாருக்கமான்னு கேக்க இல்லையா?”

“ஆளு இருக்காரான்னு பாக்கத்தாம்மா. மோரு நீங்களாக் குடுத்தது.”

சாராள் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாத்திரம் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். ஸ்டேஷனில் கறையான் உண்டு, ஒரு பக்கம் அரித்துப்போனதாக இருக்கலாம் என்று ஜாடையாகச் சொன்னார். தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் அவருடைய நற்குறிப்பு போகும். அடுத்த வருஷம் வர வேண்டிய உத்தியோக உயர்வும் போகும். கறையான்மேல் போட்டால் இரண்டு பேருக்கும் நல்லது. ஜெபதுரை வேண்டாம் என்றார். எழுதியதில் முக்கால்வாசி பொய்யில்லையே, சாவடிக்குத் தெரியாமல் போனது நிஜந்தானே, கேட்டால் அதைச் சொல்லத்தான் செய்வேன் என்றார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “கேட்டாத்தானே சொல்லணும்? ஏங்க, கேக்கறதுக்கு முன்னாலயே ஏன் சொல்றீங்க?”

விஷயம் சப்-இன்ஸ்பெக்டரிடம் போனது. பி.ஏ. படித்தவர், நியாயமான மனிதர்; நியாயமான மனிதர்களிடந்தான் காரியம் நடப்பது கஷ்டம். பனிக்கட்டி என்று நிரூபித்தால் அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நோட்டில் இருப்பதுதான் போகும் என்றார். பனிக்கட்டிக்குச் சாட்சிக்கு எங்கே போவது? அது உருகிப்போன பொருள். ஐஸ் பாக்டரியில் வாங்குகிறவர் பேர் எழுதுவதில்லை. அப்போதிருந்த மாட்டு டாக்டர் மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். ராகிக் காட்டுக்காரர் சைக்கிளைத்தான் பார்த்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. நாலு நாள் பாக்கி. பஜாரில் கே.டி. விஷயமும் கசிந்துவிட்டது. நேற்றுவரை தங்கள் ஆள் என்ற தெலுங்குக்காரர்கள் அவர் கன்னடமும் பேசுவார் என்று நினைவுபடுத்தினார்கள். ஜவுளிக்கடைக்காரர் அந்தப் பக்கம் வரவில்லை. சாராள் மட்டும் கோட்டை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. தினமும் துடைத்தார். விருது வராமல் போனால் போகட்டும், இந்த மனுஷன் சாராயம் கடத்தினார் என்று சர்க்கார் எழுதி டில்லிக்கு அனுப்பிவிடக்கூடாது என்பது ஒன்றுதான் அவருக்கு.

ஜெபதுரை மெனக்கெட்டுச் செய்தது ஒன்றே ஒன்று. தேன்கனிக்கோட்டை பஸ் கண்டக்டரிடம், அஞ்செட்டிப் பக்கம் போகிற யாரையாவது பார்த்தால் சென்னப்பனிடம் இப்படி இப்படி என்று சொல்லச் சொன்னார். சென்னப்பனுக்காவது நினைவிருக்கும், ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்து அனுப்புவார் என்று எண்ணினார்.

ஏழாம் நாள் காலை பெங்களூர் ரோட்டில் பஸ் நின்றுபோயிற்று. முன்னால் மாடு. இறங்கிப் பார்த்தவர்களுக்கு ரோடு தெரியவில்லை. புழுதியும் கொம்புகளுந்தான் தெரிந்தன. இரண்டு நாள் நடந்து, நூற்று அறுபத்து மூன்று மாடுகளையும் பன்னிரண்டு ஆட்களையும் ஓட்டிக்கொண்டு சென்னப்பன் வந்திருந்தார். மாடு என்றால் ஓசூர் பஜார் வீட்டில் உட்காருமா? கடையைப் பாதி சாத்திவிட்டுக் கூட்டம் பின்னாலேயே போனது. ஜவுளிக்கடைக்காரரும் போனார். ஸ்டேஷன் காம்பவுண்டு நிறைந்து, கொடிக்கம்பத்தைச் சுற்றி நிறைந்து, மிச்சம் ரோட்டில் நின்றது. லாக்கப்பில் இருந்த ஒரே கைதி கம்பிக்கு நடுவே தலையை நுழைத்த கன்றைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். பக்கத்தில் ஏட்டு. ஜெபதுரை ஓர் ஓரமாக நின்று, பழக்கத்தில், எந்த மாடு சாணி இளகப் போடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். சென்னப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“சாமி, சாச்சி கேட்டீங்களாமே. ஓட்டியாந்திருக்கறன். எடது காதப் பாருங்க.”

எல்லா மாட்டின் இடது காதிலும் அந்தச் சின்ன வெட்டு இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் பத்து இருபது காதைப் பார்த்தார். மாடு சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்றார்.

“சொல்ல வாணாம் சாமி. நிக்குதில்ல, அதுதான். ஐஸு இல்லாத ஊசி போட்டிருந்தா இதுங்க நிக்காது.”

இதுவும் தர்க்கந்தான். சப்-இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஆனால் மருந்துக்கு ஐஸ் வேண்டும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். சென்னப்பன் பின்னால் திரும்பிக் கையைக் காட்டினார். இரண்டு பேர் தோளில் ஒரு மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூங்கிலில் மாட்டு மணிகள் வரிசையாகக் கட்டியிருந்தன. அவர்கள் நடக்க நடக்க, கழுத்தில்லாமல், அவை மொத்தமாக ஒலித்தன.

“இது நாப்பது மணி. மலை மேல இருக்கற சின்ன ஊர்க்காரங்களுது. சாவடிப் பெஞ்சி மேல ஐஸு கரைஞ்சிச்சே, அன்னிக்கு மருந்து வராம செத்ததுங்க. அவங்களுக்கு ஓட்டியார மாடு இல்ல. அதனால மணியக் குடுத்தனுப்பிச்சாங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் மணிகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவடியின் பழைய டைரியைக் கொண்டு வரச் சொன்னார். அந்தத் தேதியில் எழுதியிருந்தது: ‘ஜெபதுரை என்பவரின் பெட்டி சோதிக்கப்பட்டது. தண்ணீர் தவிர வேறொன்றும் இல்லை.’ சாட்சி இரண்டு வருஷமாகச் சர்க்கார் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போது ஏட்டு மதுரைவீரன் யாரும் கேட்காமலே அட்டென்ஷனில் நின்றார். “அய்யா, எழுதுனது நான். மோந்து பாத்தேன், வாசனை இல்ல. தண்ணின்னு எழுதியிருக்கணும். எழுதல. தப்பு என்னுது.” கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுகிற வியாதி ஜெபதுரையிடமிருந்து அவருக்கும் தொற்றியிருந்தது. அதற்குத் தடுப்பூசி கிடையாது.

அறிக்கை அன்றே போனது. ‘மேற்படியார் எங்கள் சந்தேகப் பட்டியலில் இருக்கிறார். அவர் கடத்தியது பனிக்கட்டி என்று விசாரணையில் தெரிய வருகிறது. பனிக்கட்டி மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வராது. நடத்தை மிக நன்று.’

ஜனவரி இருபத்தாறாம் தேதி ரேடியோவில் பெரிய பேர்களை மட்டும் வாசித்தார்கள். மறுநாள் பெங்களூர் பஸ்ஸில் பேப்பர் வருகிற வரைக்கும் ஊர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பஸ் நிற்பதற்கு முன்பே கட்டைப் பிடுங்கிப் பிரித்துவிட்டார்கள். பேர் இருந்தது. மாதா கோயில் மணியை யாரோ அடித்தார்கள். அது கத்தோலிக்கர் கோயில், ஜெபதுரை அந்தச் சபை இல்லை, அதை யார் பார்த்தார்கள்? மாரியம்மன் கோயில் பம்பையும் சேர்ந்துகொண்டது. ஜவுளிக்கடைக்காரர் கோட்டுக்குப் பொத்தான் மாற்றித் தருவதாக வந்தார். சாராள் பேப்பரில் அந்தப் பேரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘நடத்தை’ என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

விருதைப் பேருக்கு முன்னால் பட்டம்போலப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஓசூர் பஜாரில் எழுதி வைத்த வளைவை அதனால் அழிக்க வேண்டியதாயிற்று. மற்ற நோட்டில் கொடுத்த பட்டம் அப்படியல்ல. அதை அழிக்க மேலிடத்து உத்தரவு வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக் கேட்டார், உத்தரவு வரவில்லை. ஆகவே ஏப்ரலில் ஜெபதுரையும் சாராளும் டில்லிக்கு ரயில் ஏறியபோது, விதிப்படி ஸ்டேஷனிலிருந்தும் ஒரு தாக்கல் போக வேண்டியிருந்தது: ‘எங்கள் பட்டியல் ஆள் ஒருவர் உங்கள் எல்லைக்கு வருகிறார். காரணம்: குடியரசுத் தலைவரைச் சந்திக்க.’

டில்லி ஸ்டேஷனில் மப்டியில் ஒருவர் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார். பேரைச் சொல்லி விசாரித்தார். சாராள் மகிழ்ந்துபோய்ப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் இவர்கள் தங்கிய இடம் வரைக்கும் அதைச் சுமந்தார். மூன்று நாளும் வாசலில் இருந்தார். பதக்கம் வாங்கப் போன அன்றும் கூட வந்தார். ரயில் ஏற்றிவிட்டுத்தான் போனார். பதக்கத்தைவிட அந்த மரியாதையைத்தான் சாராள் ஊரில் அதிகம் சொன்னார். ஏட்டுக்கு விஷயம் தெரியும். அவர் சொல்லவில்லை. திரும்பி வந்த வாரத்தில் வழக்கம்போல் வந்தார். பதக்கத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். மோர் மறுபடியும் வந்தது, கொத்தமல்லியோடு.

அந்தக் கோடையில் போச்சம்பள்ளிப் பக்கம் வெக்கை எட்டிப் பார்த்தது. ஜெபதுரை பெங்களூர் போய்ப் பனிக்கட்டி வாங்கிக்கொண்டு, இனி என்ன பயம் என்று நேர்வழியில், சாவடி வழியாகவே வந்தார். சாவடிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். அவரைப் பார்த்ததும் ஆரவாரம். கீழே இறக்கி நாற்காலி போட்டார்கள். காப்பி வரவழைத்தார்கள். டில்லி எப்படி, பதக்கம் எவ்வளவு கனம் என்று கேட்டார்கள். மேலதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், உங்களைப் பார்க்காமல் விட்டால் எங்களைக் கொன்றுவிடுவார் என்றார்கள். பெட்டியை மரியாதையாக அதே பெஞ்சின்மேல் வைத்திருந்தார்கள். ஜெபதுரை பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். குட்டை கட்ட ஆரம்பித்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில், ஏரிக்கரையில் ஏட்டு மதுரைவீரன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்குப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் வரப்பில் வேகமாகப் போனது. ஏட்டு வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார், நிற்கவில்லை. ஏட்டு மெதுவாகக் கிழக்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு மறுபடி பல் துலக்க ஆரம்பித்தார்.

பிறகு ஸ்டேஷனுக்குப் போய், கே.டி. நோட்டை எடுத்து, அந்த மாதத்துக்கான வரியை எழுதினார்: ‘ஜெபதுரை. பார்த்தேன். வீட்டில் இருக்கிறார்.’